நாலு கோடும் இருக்கு, ஓடுதில்ல

கல்முனையிலிருந்து சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே நீளும் எங்கள் கடலோர ஊர்களில், ஏதாவதொரு கொமியுனிகேஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த முறைப்பாடு காதில் விழும். “வைஃபை நாலு கோடும் இருக்கு மனே, ஒண்டும் ஓடுதில்லயே.” கடைக்காரத் தம்பி எழும்பிப் போய் ரவுட்டரின் ப்ளக்கைக் கழற்றுவார், சற்றுப் பொறுத்து மறுபடி குத்துவார். பச்சை விளக்கு எரியும். விண்ணப்பப் படிவம் இறங்கும். அஸருக்குப் பிறகு இணைப்பு திரும்பவும் நிற்கும்.

கடையில் ஆட்கள் காத்து நிற்கும்போது வேறு என்ன செய்வது என்று கேட்டால், நியாயம்தான். ஆனால் ப்ளக்கைக் கழற்றிய அந்தக் கணத்திலேயே, இணைப்பு எதனால் நின்றது என்பதற்கான சாட்சியம் முழுவதும் அழிந்துபோகிறது. நின்றுபோன இணைப்பு என்பது எங்கோ ஓரிடத்தில் காத்துக் கிடக்கும் தரவு. அது கைபேசிக்கும் ரவுட்டருக்கும் இடையில் கிடக்கலாம், ரவுட்டருக்குள்ளேயே கிடக்கலாம், ரவுட்டரைத் தாண்டி வெளியே எங்காவது கிடக்கலாம். எங்கே என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரிந்துகொள்ளும் வசதி அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலானோர் அதைக் கேட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

முதலில் அந்த நாலு கோட்டைப் பற்றி. ரவுட்டர் ஏறத்தாழ 102.4 மில்லி விநாடிக்கு ஒரு தடவை, தன் பெயரையும் விபரங்களையும் அறிவித்துக்கொண்டே இருக்கும். இதற்கு பீக்கன் என்று பெயர். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இந்த அறிவிப்பு வழக்கமாக விநாடிக்கு 1 மெகாபிட் என்ற ஆகக் குறைந்த வேகத்தில்தான் போகும். வேகம் குறைந்த சமிக்ஞையை இரைச்சலுக்குள்ளிருந்தும் பிரித்தெடுப்பது சுலபம். அதனால் பக்கத்து வீட்டுச் சுவர் இரண்டைத் தாண்டியும் பீக்கன் வந்துவிடும். கைபேசி கோடு போடுவது இந்த அறிவிப்பின் பலத்தை அளந்துதான். காணொளியைச் சுமந்து வரும் வேகமான தரவுப் பொதிகள் அதே சுவரைத் தாண்டுமா என்பதற்கு அந்தக் கோடு பொறுப்பாளி ஆகாது.

அத்தோடு, கோடு சொல்வது ஒருவழிச் செய்தி. ரவுட்டர் சொல்வது கைபேசிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே அது காட்டும். கைபேசி சொல்வது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பது வேறு விடயம். ரவுட்டர் சுவர் மின்சாரத்தில் ஓடுகிறது. கைபேசி பற்றரியை மிச்சம் பிடிக்க வேண்டியிருப்பதால் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த பலத்தில்தான் ஒலிபரப்பும். வைஃபையிலோ, அனுப்பிய பொதி கிடைத்தது என்று மறுபக்கம் உடனே ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஒப்புதல் வராவிட்டால் அனுப்பியவர் அதே பொதியை மறுபடி அனுப்புவார், இன்னும் வராவிட்டால் வேகத்தைக் குறைத்து அனுப்புவார், கடைசியில் கைவிடுவார். இவ்வளவும் நடக்கும்போது நாலு கோடும் அப்படியே நிற்கும்.

இனி அந்தப் பெட்டி. 2002 இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரைச் சந்தைக்கு விட்டது. உள்ளே ஓடியது லினக்ஸ் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தின்படி மூலநிரலை வெளியிட வேண்டும் என்ற அழுத்தம் வந்து, 2003 இல் அது வெளியிடப்பட்டது. அதிலிருந்து 2004 இல் பிறந்ததுதான் ரவுட்டர்களுக்கான லினக்ஸ் தொகுப்பான ஓப்பன்டபிள்யூஆர்டி. இன்று நம் வீடுகளில் இருக்கும் ரவுட்டர்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே ஏதோ ஒரு லினக்ஸ்தான் ஓடுகிறது. பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸைப் போட்டு, பின்லாந்தின் யூனி மாலினென் எழுதிய ஹோஸ்ட்ஏபிடி என்ற மென்பொருளை ஓடவிட்டால் அதுவும் ஒரு வைஃபை மையமாகிவிடும். லினக்ஸின் சிறப்பு, ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியே அது கணக்கு வைத்திருப்பதுதான்.

கணக்கைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்வி. இணைப்பு நின்றிருக்கும் நேரத்தில், வைஃபையில் இருக்கும் ஒரு மடிக்கணினியிலிருந்து முதலில் ரவுட்டரின் சொந்த முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, ‘இருக்கிறாயா’ என்று கேட்டுப் பதில் வாங்கும் பிங் என்ற சிறு பொதியை அனுப்ப வேண்டும். பதில் ஒழுங்காக வந்தால் வானலையில் பிழை இல்லை. அடுத்து வெளியுலக முகவரி ஒன்றுக்கு, உதாரணமாகக் கூகுளின் 8.8.8.8 க்கு. இங்கே நின்றால் தடை ரவுட்டருக்குள், அல்லது அதற்கு அப்பால். அதுவும் சரி என்றால் ஒரு தளத்தின் பெயருக்கு. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவைதான் படுத்திருக்கிறது. மூன்றும் வேலை செய்து குறிப்பிட்ட செயலி மட்டும் ஓடவில்லை என்றால் வைஃபையைச் சந்தேகிப்பதை விட்டுவிடலாம். 2018 மார்ச்சில் கண்டி மாவட்ட வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும் அரசு முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முடக்கி வைத்த நாள்களில், நாட்டில் எந்த ரவுட்டரை எத்தனை தரம் அணைத்துப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது.

முதல் பிங்கே தடுமாறினால்தான் கணக்குப் புத்தகம் வேண்டும். லினக்ஸில் ‘ஐடபிள்யூ’ என்ற கட்டளையைக் கொடுத்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்கலாம். ஒவ்வொரு கைபேசிக்கும் பத்துப் பதினைந்து வரி வரும். அவற்றில் நான்கைந்து வரி போதும். சமிக்ஞை என்ற வரியில் மைனஸ் 48 என்று இருந்தால் அந்தக் கைபேசி ரவுட்டருக்கு நன்றாகக் கேட்கிறது. மைனஸ் 80 என்று இருந்தால் ஈனஸ்வரத்தில் கேட்கிறது. இந்த அளவுகோலில் பத்துக் குறைந்தால் பலம் பத்தில் ஒன்றாகிவிடும். ஆக மைனஸ் 50 க்கும் மைனஸ் 80 க்கும் இடையில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். கைபேசியின் திரை ஒருபோதும் காட்டாத மறுதிசைச் செய்தி இது. அடுத்தது, மறுபடி அனுப்பிய பொதிகளின் எண்ணிக்கை. மொத்தம் அனுப்பியதில் பாதிக்குக் கிட்டவாக அது ஏறியிருந்தால் வானலை நெரிசலில் இருக்கிறது, அல்லது இடையில் சுவர் தடிப்பு. பிறகு, கைவிட்ட பொதிகள். பிறகு, அனுப்பும் வேகம். கடைசியாக, அந்தக் கைபேசியிடமிருந்து எதுவும் கேட்டு எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்பது. இணைப்பு நின்றிருக்கும்போது இந்தப் பட்டியலை இரண்டு தரம் எடுத்து ஒப்பிட்டால், எந்த எண் ஓடுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

கல்முனை போன்ற இடங்களில் நெரிசல்தான் முதல் சந்தேகநபர். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலம். வீடும் வீடும் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. வீட்டுக்கு ஒரு ரவுட்டர். 2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் ஒன்றையொன்று மிதிக்காத சனல்கள் 1, 6, 11 என்ற மூன்றே மூன்று. இடைப்பட்ட 3 ஐயோ 4 ஐயோ “அது காலியாகக் கிடக்கு” என்று தேர்ந்தெடுப்பவர் இரண்டு பக்கத்தாரின் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். 5 கிகாஹேர்ட்ஸ் சுவரில் சீக்கிரம் நின்றுவிடும். அடுத்த வீட்டுக்காரரின் அலையும் அதேபோல் அவர் சுவரோடு நின்றுவிடுவதால், நம் ஊர்களுக்கு அது தோதானது.

நெரிசலுக்குள் இன்னொரு நுட்பம் இருக்கிறது, அதை விளங்கிக்கொள்ளக் காலம் எடுத்தது. ஒரு வைஃபையில் இருக்கும் அத்தனை பேருக்கும் வானலை ஒன்றே. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். பள்ளிவாசல் நிருவாகக் கூட்டத்தில் ஒற்றை ஒலிவாங்கி கைக்குக் கை போவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு முறை என்று வாய்ப்பு சமமாகக் கிடைத்தாலும், இழுத்து இழுத்துப் பேசுபவர் ஒருவர் இருந்தால் கூட்டத்தின் நேரம் அவரிடம் போய்விடும். 1500 பைட் பொதி ஒன்றை 54 மெகாபிட் வேகத்தில் அனுப்பத் தரவுக்கு மட்டும் கால் மில்லி விநாடியும் ஆகாது. அதே பொதி 1 மெகாபிட்டில் போனால் 12 மில்லி விநாடி. கடைக்கு வெளியே, வீதியோரம் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்து ஒருவர் படம் இறக்கினால், கடைக்குள் ரவுட்டருக்கு நேர் கீழே இருப்பவருக்கும் இணைப்பு நின்றதுபோலாகும். பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள், மார்ட்டின் ஹெய்ஸ் உள்ளிட்டோர், 2003 இல் இதை அளந்து காட்டினார்கள். முறைகளை எண்ணாமல் நேரத்தை எண்ணிப் பங்கிடும் வழியை சுவீடனின் கார்ல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோக்கே ஹொய்லண்ட்-யோர்கென்சன் குழுவினர் லினக்ஸுக்குள் எழுதி 2017 இல் ஆய்வாக வெளியிட்டார்கள். அது இப்போது லினக்ஸ் கருவோடு வருகிறது. ஆனால் சிப்பின் இயக்கி மென்பொருளும் அதற்கு ஒத்துழைக்க வேண்டும். எல்லாச் சிப்பும் ஒத்துழைப்பதில்லை.

அடுத்தது ரவுட்டருக்குள்ளே தேங்கும் வரிசை. 1986 ஒக்டோபரில் அமெரிக்காவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 யார் தூரத்தில், விநாடிக்கு 32 கிலோபிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. கம்பி அறுபடவில்லை, பொதி தொலைந்தது என்று நினைத்து எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்பியதில் பாதை அடைபட்டது. வான் ஜேக்கப்சன் அதற்கு 1988 இல் எழுதிய வைத்தியம்தான் இன்றுவரை இணையத்தை ஓடவைக்கிறது: பொதி தொலைந்தால் வேகத்தைக் குறை. பிறகு நினைவகம் மலிந்தது. உற்பத்தியாளர்கள், பொதி தொலையவே கூடாது என்று பெட்டிக்குள் பெரிய பெரிய வரிசைகளை வைத்தார்கள். பொதி தொலையாததால் அனுப்புபவருக்கு எச்சரிக்கையே போகவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. 2010 இல் ஜிம் கெட்டிஸ் தன் வீட்டு இணைப்பை நோண்டிப் பார்த்து இதைக் கண்டுபிடித்து, பஃபர்புளோட் என்று பெயரிட்டார்.

நம் வீட்டில் இதைச் சோதிப்பது சுலபம். ஒரு பக்கம் 8.8.8.8 க்கு பிங் ஓடட்டும். மறுபக்கம் பெரிய காணொளி ஒன்றை வாட்ஸ்அப்பில் ஏற்றுங்கள். 40 மில்லி விநாடியில் வந்துகொண்டிருந்த பதில் ஆயிரத்தையோ இரண்டாயிரத்தையோ தாண்டினால், பிள்ளையின் ஸூம் வகுப்பு நிற்பதற்குக் காரணம் மூத்தவர் ஏற்றும் கல்யாண வீடியோ. 2012 இல் கேத்லீன் நிக்கோல்ஸும் அதே ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல் என்ற முறை, ஒரு பொதி வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதை அளக்கிறது. 5 மில்லி விநாடிக்கு மேற்பட்ட காத்திருப்பு 100 மில்லி விநாடிக்குக் குறையாமல் நீடித்தால் பொதியைக் கைவிட்டு அனுப்புபவருக்கு உணர்த்திவிடும். எரிக் துமாசே அதை விரிவாக்கி அதே ஆண்டு லினக்ஸுக்குள் சேர்த்தார். இந்த வேலையை வீட்டு ரவுட்டர் வரை கொண்டுவருவதற்காக ஊர் ஊராகப் பேசித் திரிந்த டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார். பெயர் தெரியாமலே அவருக்குக் கடன்பட்டவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

தொட்டதும் ஓடி, விட்டதும் நிற்கும் இணைப்பு இன்னொரு வகை. கைபேசி பற்றரிக்காக அடிக்கடி வானொலியை அணைத்துத் தூங்கும். தூங்கப்போகிறேன் என்று ரவுட்டருக்குச் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். அதற்கு வரும் பொதிகளை ரவுட்டர் எடுத்து வைத்துக்கொண்டு, பீக்கனில் “உனக்கு ஒன்று இருக்கிறது” என்று குறிப்பிடும். இந்தப் பேச்சுவார்த்தையில் ஒரு வார்த்தை தவறினால், விழித்திருக்கும் கைபேசி தூங்குகிறது என்று ரவுட்டர் நம்பிக்கொண்டிருக்கும். திரையைத் தொட்டு எதையாவது அனுப்பினால் உடனே ஓடும்.

கடிகாரம் வைத்ததுபோல் நிற்பது குழுச்சாவியின் வேலையாக இருக்கலாம். எல்லாருக்கும் பொதுவாகப் போகும் அறிவிப்புகளுக்கென்று தனிச் சாவி உண்டு; ஹோஸ்ட்ஏபிடி அதைப் பழைய டிகேஐபி குறியாக்க முறையில் 600 விநாடிக்கு ஒருமுறையும், புதிய முறையில் நாளுக்கொருமுறையும் மாற்றும். புதுச் சாவியைச் சரியாக ஏற்காத கைபேசிக்குப் பொது அறிவிப்புகள் விளங்காது, சிறிது நேரத்தில் முழு இணைப்பும் தடுமாறும். டிகேஐபியைத் தூக்கிவிடுங்கள், இனியும் அதை வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

எழுத்துச் செய்தி போகிறது, சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்குகின்றன என்றால் பொதியின் அளவைப் பாருங்கள். சாதாரண வலையமைப்பில் பொதி 1500 பைட் வரை போகலாம். பிபிபிஓஈ என்ற முறையில் வெளியே போகும் இணைப்புகளில் 8 பைட் அதற்கே போய்விடும், எஞ்சுவது 1492. பெரிய பொதி அடைபட்டது என்று திருப்பிச் சொல்லும் செய்தியை வழியில் யாராவது தடுத்தால், அனுப்பியவர் அறியாமல் காத்துக் கிடப்பார். உடைக்கக் கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். தலைப்புக்கு 28 சேர்ந்து 1500 ஆகும். அது போகாமல் 1464 மட்டும் போனால் இதுதான் நோய். ஓப்பன்டபிள்யூஆர்டியின் தீச்சுவர் அமைப்பில் இதற்கு ஒரு தெரிவு இருக்கிறது, ஒரு சொடுக்கில் தீரும்.

இவ்வளவும் வீட்டளவு. லினக்ஸ் வைஃபைப் பெட்டிகளை நம்பி உயிர்ப்பான வேலை ஒன்று நடந்த இடம் தமிழ்நாட்டுத் தேனி. 1976 இல் மதுரையில் டொக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளையோடு, சுற்றியுள்ள ஊர்களின் ஐந்து கண் பரிசோதனை நிலையங்களை கலிபோர்னியாப் பல்கலைக்கழக பேர்க்லி ஆய்வாளர்கள் வைஃபையால் இணைத்தார்கள். எரிக் புரூவர் தலைமையில் ரபின் பத்ரா, சோனேஷ் சுரானா, செர்ஜியூ நெடெவ்ஸ்கி முதலியோர். நோயாளி தன் ஊரிலேயே இருந்தபடி மருத்துவரைக் காணொளியில் பார்ப்பார். மொத்தம் 11 ரவுட்டர், 9 இணைப்பு, 1 முதல் 15 கிலோமீற்றர் வரை தூரம். சில ரவுட்டர்கள் 24 முதல் 42 மீற்றர் உயரக் கோபுரங்களில், ஒன்று ஆலையொன்றின் புகைபோக்கியில்.

அங்கே வைஃபை ஏன் திணறியது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒளி 15 கிலோமீற்றர் போக 50 மைக்ரோ விநாடி, ஒப்புதல் திரும்பி வர இன்னொரு 50. கட்டடத்துக்குள் பேசுவதற்கென்று வகுத்த வைஃபை அவ்வளவு நேரம் பொறுக்காது. ஒப்புதல் வந்துகொண்டிருக்கும்போதே, வரவில்லை என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பத் தொடங்கிவிடும். அவர்கள் லினக்ஸில் அந்த ஒப்புதல் முறையையே எடுத்துவிட்டு, யார் எப்போது அனுப்புவது என்று நேரத்தைப் பங்கிட்டார்கள். ஓட்டம் 2 முதல் 5 மடங்கு வரை கூடியது. அது 2007 இல் வெளிவந்த ஆய்வு.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 2008 இல் அதே குழு எழுதியது. வானலையைச் சரிப்படுத்திய பிறகும் இணைப்புகள் விழுந்தன. காரணம் மின்சாரம். கிராமத்து மின்னிணைப்பொன்றை அளந்தபோது 1000 வோல்ற் வரை துள்ளல்கள், 350 ஐத் தாண்டிய வீக்கங்கள், 70 க்கும் கீழே நீண்ட சரிவுகள். பற்றரி இறங்க இறங்க ரவுட்டர் முழுதாக நிற்கவும் மாட்டாமல், முழுதாக எழும்பவும் மாட்டாமல் நடுவில் தொங்கியது. எழுதிக்கொண்டிருந்த நினைவகம் கெட்டது. தூரத்தில் இருந்த பொறியியலாளருக்கோ, நிலையத்துப் பணியாளருக்கோ தெரிந்ததெல்லாம் இணைப்பு இல்லை என்பது மட்டும். எனவே மின்னழுத்தம் குறைந்தால் சுத்தமாகத் துண்டிக்கும் சுற்று, மென்பொருள் உறைந்தால் தானே மீளத் தொடக்கும் காவல் சுற்று, எழுதமுடியாதபடி பூட்டிய கோப்பு முறைமை, வைஃபை விழுந்தாலும் ரவுட்டரை எட்டிப் பார்க்க வேறொரு வழி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள்.

இது நமக்கு அந்நியமான கதை இல்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. போய்ப் போய் வந்த கரண்டை வாங்கிய அடப்டர்களில் பல இன்னும் சுவரில் தொங்குகின்றன. 12 வோல்ற் என்று எழுதிய அடப்டர் சும்மா இருக்கும்போது 12 காட்டும். ரவுட்டர் பலமாக ஒலிபரப்பும் கணத்தில் சரியும், சிப் தடுமாறும். ஆட்கள் கூடும் நேரத்தில் மட்டும் நிற்கும் ரவுட்டருக்குப் புதிய ரவுட்டர் வாங்குமுன் நல்ல அடப்டர் ஒன்றை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை. கூரையில் அன்டெனா வைத்திருப்பவர்கள் இணைப்பு முனைகளைப் பார்க்க வேண்டும். கடற்காற்றின் உப்பு பித்தளையைப் பச்சையாக்கி, உள்ளே போய் சமிக்ஞையைத் தின்னும். தன்னோடு தானே ஒட்டும் இறப்பர் நாடாவை இறுக்கிச் சுற்றுவது அவசியம்.

ப்ளக்கைக் கழற்றுவதைப் பற்றித் தொடங்கியதால், அதனால் எது போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி தன் நாட்குறிப்பை வழக்கமாகத் தற்காலிக நினைவகத்தில்தான் எழுதும். யார் எப்போது இணைந்தார், எப்போது விலகினார், சிப்பின் நிரல் எப்போது விழுந்து எழும்பியது, அனுப்பும் வரிசை எப்போது உறைந்தது எல்லாம் அதில் இருக்கும். கரண்ட் போனால் அதுவும் போகும். அமைப்புப் பக்கத்தில் இன்னொரு கணினியின் முகவரியைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் அங்கே அனுப்பி வைக்கும். ஒரு பழைய கணினி போதும். பெரும்பாலான ரவுட்டர்களில் பற்றரிக் கடிகாரம் இல்லை என்பதால், எழும்பியதும் இணையத்தில் நேரம் கேட்டுப் பெறும்வரை அது பிழையான நேரத்தையே எழுதும். நாட்குறிப்பைப் படிக்கும்போது அந்த முதல் சில வரிகளின் திகதியை நம்ப வேண்டாம். பெற்றுக்கொண்ட கணினி போட்ட நேரத்தைப் பாருங்கள்.